எட்டாங்கட்டையில் ஒரே ஓர் ஆளுக்கு இடம்

தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போய் வருவதே ஒரு வேலை, அதற்கு லீவு மட்டும் யாரும் தருவதில்லை.

நான் பசறையில் குடியிருந்தேன். வேலை பதுளையில், வக்கீல் தொழில் பார்க்கும் ஒரு புரொக்டர் ஐயாவின் கந்தோரில் கிளார்க்கு. பஸ்ஸெல்லாம் இன்னும் கம்பெனிக்காரர்கள் கையில் இருந்த ஐம்பதுகளைச் சொல்கிறேன். லுணுகலையில் புறப்பட்டு வரும் காலை பஸ்ஸை நம்பித்தான் என் பிழைப்பு. அது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. பஸ்ஸுக்குக் காத்து நின்று கால் கடுத்தவர்கள் உங்களில் எத்தனை பேர் இருப்பீர்கள்! உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அவர்கள் இதைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

கண்ணை மூடிக்கொண்டவன்

பசறைக்கு வரும்போதே பஸ் முக்கால்வாசி நிறைந்திருக்கும். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே கூட ஓடிப்போய், ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து இடம் பிடிப்பேன். ஜன்னலோரம்தான் வேண்டும். நமுனுகுல மலையைப் பார்க்கலாம், குமட்டினால் தலையை வெளியே நீட்டலாம், பக்கத்தில் நிற்பவரின் முழங்கை மூக்கில் இடிக்காது. அந்த இடத்துக்காகப் பாடசாலை மாஸ்டரோடு வாய்ச்சண்டை போட்டிருக்கிறேன். தபால் கந்தோர்க்காரர் ஒருவரோடு மூன்று மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

ஒரு நாள் போஞ்சிக்காய்க் கூடையோடு ஒரு அம்மா ஏறி என் பக்கத்தில் வந்து நின்றார். வயசாளி. வளைவுக்கு வளைவு தடுமாறினார். இடம் கொடுக்க மனசு வரவில்லை, கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கவும் வெட்கமாக இருந்தது. கண்ணை இறுக்கி மூடித் தூங்குவது போல இருந்துவிட்டேன். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அந்த அம்மா தன் பக்கத்தில் நின்றவளிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது: "பாவம், தூங்கட்டும் விடு. ராவெல்லாம் புள்ள அழுதிருக்கும்."

தண்ணீர் குடிக்க நிற்கும் பஸ்

ஏற்றத்தில் என்ஜின் சூடேறிவிடும். முன்னால் புகை கிளம்பும். டிரைவர் ஓரங்கட்டுவார். கண்டக்டர் சிறிபால தகர வாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்குவான். சிறிபால சிங்களப் பையன்தான், ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவன், தமிழில் என்னை விட நன்றாக ஏசுவான். கால் மணி நேரம் போய்விடும். எனக்கு வயிறு எரியும்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில்தான் நாங்கள் எல்லாரும் மனிதர்களானோம். இறங்கிக் கை காலை நீட்டுவோம். யாராவது முறுக்குப் பொட்டலம் பிரிப்பார்கள். கீழே தேயிலை மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் எங்களைப் பார்த்துக் கேலி பேசுவார்கள், நாங்களும் பதிலுக்குப் பேசுவோம். அந்த வாசனையும் குளிரும் இப்போது நினைத்தாலும் நன்றாக இருக்கிறது. ஒரு நாள் மட்டும் பொறுக்க முடியாமல் டிரைவரிடம் போய், "நான் எத்தனை தரம் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டீங்க, இதுக்கு மட்டும் நிறுத்துறீங்களே" என்று கத்தினேன். அவர் ரேடியேட்டர் மூடியைத் துணியால் பிடித்துத் திருகிக்கொண்டே சொன்னார்: "நீங்க கத்தினா பஸ் ஓடும். இவ கத்தினா ஓடாதுங்களே."

நின்றே வந்த மனுஷன்

பதுளையிலிருந்து எட்டாவது மைல்கல் இருக்கும் இடத்துக்கு எட்டாங்கட்டை என்று பேர். ஒரு தோட்டத்து ரோடு அங்கே வந்து சேரும். நான் பிறந்தது அந்தத் தோட்டத்து லயத்தில்தான். அப்பா செத்த பிறகு அம்மா என்னை இழுத்துக்கொண்டு பசறைக்கு வந்துவிட்டார்.

மாதத்துக்கு ஒரு தரம் அங்கிருந்து கருப்பையா ஏறுவார். எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்தவர். அப்பாவுக்கு மூத்தவர் என்பதால் நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன், சொந்தம் ஒன்றும் கிடையாது. அவர் வந்தால் என் பக்கத்தில் இடம் இருந்தாலும் உட்கார மாட்டார். முன்னால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருப்பார், இல்லை கூலி ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி வீட்டு ஆட்கள் யாராவது இருப்பார்கள். அவர்கள் இருக்கிற பஸ்ஸில் லயத்து ஆள் உட்காருவது வழக்கமில்லை. சட்டம் ஒன்றும் இல்லை, யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் உட்கார மாட்டார்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும். "காசு குடுத்துத்தானே ஏறுறீங்க, உக்காருங்க பெரியப்பா" என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்: "எட்டுக் கட்டைதானே தம்பி, மலையேறி நின்ன காலு."

தெய்வானையின் கடிதம்

கருப்பையா வந்து போனது எங்கள் கந்தோருக்குத்தான். சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்துச் சனங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்றாகிவிட்டது. வேண்டுமென்றால் மனுப் போட்டு, இத்தனை வருஷமாக இங்கேதான் இருக்கிறோம் என்று பத்திரம் காட்ட வேண்டும். இங்கேயே பிறந்து, இங்கேயே மலையை வெட்டித் தேயிலை நட்டவன் எந்தப் பத்திரத்தைக் காட்டுவான்? கருப்பையா ஒரு தகரப் பெட்டியில் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். தோட்டத்து ஆபீசில் கெஞ்சி, ஆட்களின் பேர் பதியும் செக்ரோலின் நகல் வாங்கினார். பிள்ளையின் பிறப்புச் சான்று, அம்மை குத்தின துண்டு, தோட்டத்தை நடத்திய பழைய துரை ஒருவர் கொடுத்த நற்சாட்சிக் கடிதம் என்று பெட்டி நிறைந்தது.

ஒரு நாள் புதிதாக ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். அவருடைய ஒரே மகள் தெய்வானைக்கு வந்தது. எஸ்.எஸ்.சி. பாஸாகி, நர்ஸ் படிப்புக்குத் தெரிவாகியிருந்தாள். அந்தத் தோட்டத்திலிருந்து அப்படி ஒரு கடிதம் வந்தது அதுதான் முதல் தடவை. கடிதத்தின் கடைசி வரியில், சேரும்போது பிரஜாவுரிமைப் பத்திரம் கொண்டுவர வேண்டும் என்று இருந்தது. மகள் அப்பாவின் மனுவிலேயே சேர்ந்தவள். அவர் பிரஜையானால் அவளும் பிரஜை, இல்லாவிட்டால் அவளும் இல்லை. நான் வாசித்துச் சொன்னதும் அவர் கடிதத்தை வாங்கி வேட்டி மடிப்பில் அல்ல, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டார்: "எனக்கு இந்தப் பத்திரம் எதுக்கு தம்பி, மண்ணுக்குப் போறவன். அவ வெள்ளைச் சட்டை போடணும், அம்புட்டுத்தான்."

பிந்தி வந்தவன்

மழைக் காலத்தில் மண் சரியும். பஸ் ஒரு பக்கம், பதுளை ஒரு பக்கம். அந்த வருஷம் ஒரே மாதத்தில் இரண்டு தரம் பிந்திப் போனேன். எங்கள் புரொக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் நேரம் என்றால் நேரம். மேசையில் பெரிய கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருப்பார். நான் முழங்கால் சேற்றோடு போய் நின்று மண் சரிந்த கதையைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, கருப்பையாவின் விசாரணைக்கு நாள் குறித்து வந்திருந்த கடிதத்தை என் முன்னால் தள்ளினார். அடுத்த புதன்கிழமை, காலை ஒன்பது மணி. ஆள் நேரில் நிற்க வேண்டும். "தம்பி, மலை சரிஞ்சது உமக்குத் தெரியும். அங்கை பேர் கூப்பிடுறவனுக்குத் தெரியாது. கூப்பிடேக்கை ஆள் இல்லையெண்டால் பைலை மூடிப்போடுவான்."

எட்டாங்கட்டை

முதல் நாளே வந்து பதுளையில் தங்கிவிடுங்கள் என்று கருப்பையாவிடம் எவ்வளவோ சொன்னேன். இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் நின்றால் ஏச்சு விழும் என்று மறுத்துவிட்டார். காலை பஸ்ஸில் கட்டாயம் வருகிறேன் என்றார்.

புதன்கிழமை பஸ் லுணுகலையிலிருந்தே நிறைந்து வந்தது. எனக்கு மட்டும் வழக்கம்போல ஜன்னலோரம் கிடைத்துவிட்டது. மடியில் என் பை, பைக்குள் கருப்பையாவின் பைல். கடைசியாக ஒரு தரம் சரிபார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். பஸ்ஸில் இத்தனை பேர்தான் நிற்கலாம் என்று அப்போது கண்டிப்பு, பொலிஸ் மறித்துத் தலை எண்ணுவார்கள். எட்டாங்கட்டையில் பஸ் நின்றதும் சிறிபால கையை நீட்டி, "ஒரு ஆள்! ஒரே ஒரு ஆள்!" என்று கத்தினான்.

வரிசையில் முதல் ஆள் கருப்பையா. வெளுத்த வேட்டி, யாரிடமோ இரவல் வாங்கின கோட்டு, காலில் புதுச் செருப்பு. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து ரோட்டில் பெரிய கங்காணி வந்தார். தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, கையில் குடை. வேகமாகக்கூட வரவில்லை. அவர் என்றைக்கு வேகமாக வந்திருக்கிறார்? கருப்பையா திரும்பிப் பார்த்தார். படியில் வைத்த காலை எடுத்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். கங்காணி அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஏறினார்.

ஐயோ, ஏறுங்க பெரியப்பா என்று நான் கத்தியிருக்க வேண்டும். கங்காணியிடம், இவருக்கு இன்றைக்கு விசாரணை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்றேன். யாரும் கேட்கவில்லை. கங்காணி என் பக்கம் வந்ததும் கால் தானாக எழுந்துவிட்டது. எங்கள் அப்பா அந்த மனிதர் முன்னால் உட்கார்ந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. போஞ்சிக் கூடைக்காரிக்குக் கொடுக்காத இடத்தை, மாஸ்டருக்குக் கொடுக்காத இடத்தை, அவருக்கு விட்டுக் கொடுத்துவிட்டு நின்றேன். அவரும் உட்கார்ந்தார். சிறிபால மணியடித்தான். அடுத்த பஸ் பத்து மணிக்குத்தான் அந்த இடத்துக்கு வரும் என்பது எனக்கும் தெரியும், கருப்பையாவுக்கும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே கருப்பையா கூடவே நாலு எட்டு ஓடி வந்து சொன்னார்: "பைலு பத்திரம் தம்பி! நீங்க முன்னால போங்க, நான் எப்படியாச்சும் வந்துர்றேன்."

மூன்று தரம் கூப்பிட்டார்கள்

எட்டு மைலும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன். நான் இறங்கி அவரை ஏற்றியிருக்கலாம். ஆனால் பைல் என்னிடம் அல்லவா இருக்கிறது? மூன்றாந்தரமும் பிந்தினால் புரொக்டர் ஐயா என்ன சொல்வார்? பைலை அவர் கையில் கொடுத்தாலே போதும் என்பது பதுளைக் கடைகள் கண்ணில் பட்ட பிறகுதான் இந்த மண்டையில் ஏறியது.

விசாரணைக் கந்தோரில் புரொக்டர் ஐயா பேசிப் பார்த்தார். கருப்பையாவின் பைலைக் கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள். மற்றவர்கள் முடிய மணி பத்தாகிவிட்டது. சேவகன் வாசலுக்கு வந்து மூன்று தரம் பேரைக் கூப்பிட்டான். மூன்று தரமும் நான் ரோட்டைப் பார்த்தேன். ஆள் வரவில்லை என்று எழுதிப் பைலைக் கட்டிவிட்டார்கள்.

பத்தரைக்குக் கருப்பையா வந்தார். குறுக்குப் பாதையில் தோட்டம் தோட்டமாக இறங்கி ஓடி வந்திருக்கிறார். நடுவில் மழை. கோட்டு உடம்போடு ஒட்டிக் கிடந்தது. புதுச் செருப்பைக் கையில் வைத்திருந்தார், காலில் அட்டை கடித்த ரத்தம். நடந்ததைச் சொன்னதும் அப்படியே கந்தோர்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். என் வெட்கத்தையெல்லாம் கோபமாக்கி அவர் மேல் கொட்டினேன். பஸ் படியில் வைத்த காலை ஏன் எடுத்தீங்க, யாரு எடுக்கச் சொன்னது என்று ரோடே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் கோபிக்கவில்லை. நான் ஏன் கேட்கிறேன் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை: "பெரிய கங்காணி ஏறையில நான் எப்படி தம்பி ஏறுவேன்?"

சத்தியக் கடதாசி

இன்னொரு வழி இருந்தது. வர முடியாமல் போனதற்குத் தக்க காரணம் காட்டினால் மறுபடி நாள் கொடுக்கலாம். பஸ்ஸில் இடமில்லை என்று சத்தியக் கடதாசியில் எழுதுவோமா என்றேன். பொய்ச் சத்தியத்துக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று புரொக்டர் ஐயா சொல்லிவிட்டார். நடந்ததை நடந்தபடி எழுதினோம். பஸ்ஸில் இருந்து பார்த்த சாட்சி நான்.

அதிகாரி கெட்ட மனிதரல்ல. பொறுமையாக வாசித்தார். தன் பாஷையில் கேள்வி கேட்டார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். அந்தப் பஸ்ஸில் நீர் இருந்தீரா? இருந்தேன். இருக்கையிலா? முதலில் இருக்கையில், பிறகு நின்றுகொண்டு. ஏன்? கங்காணிக்கு இடம் கொடுத்தேன். அவர் கேட்டாரா? இல்லை. மனுக்காரரை இறங்கச் சொன்னாரா? அதுவும் இல்லை. கருப்பையா எனக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்: "துரை கேக்கிறார், நீங்கள் இரண்டு பேரும் நீங்களாகவே இடத்தை விட்டுக் குடுத்திட்டு, அரசாங்கத்தை என்ன செய்யச் சொல்லுறியள் எண்டு."

கங்காணியின் மூக்குக்கண்ணாடி

மனு தள்ளுபடியாகி ஒரு மாதம் இருக்கும். பெரிய கங்காணி மறுபடி அந்தப் பஸ்ஸில் ஏறினார். இந்தத் தடவை நான் எழவில்லை. பக்கத்து ஆள் எழுந்தார், கங்காணி அங்கே உட்கார்ந்தார். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். கருப்பையா படியில் கால் வைத்தது, எடுத்தது, நடந்து வந்தது, தெய்வானையின் கடிதம், எல்லாம்.

அந்தப் புதன்கிழமை அவர் பதுளைக்குப் போனது மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலை ஒட்டுவதற்காம். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அவர் அடுத்து சொன்னது நிஜமோ, வாய்க்கு வந்ததோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நிஜம் என்று நினைத்தால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. "ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா நான் அடுத்த பஸ்ஸுல வந்திருப்பேனேடா. கண்ணாடிக்கு என்னடா அவசரம்?"

சாயத்தண்ணி

பைலில் இருந்த பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். கருப்பையா வீட்டில் இல்லை, விறகுக்குப் போயிருந்தார். தெய்வானைதான் இருந்தாள். நர்ஸ் படிப்புக்குச் சேர வேண்டிய நாள் தாண்டிப் போயிருந்தது. கொழுந்து மலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நான் கொடுத்த பத்திரங்களைத் தகரப் பெட்டியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். அந்தக் கடிதத்தையும் அதிலேயே வைத்து மூடினாள். பிறகு எனக்குப் பால் விடாத வெறும் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போயிருந்தேன். சட்டம் சரியில்லை, கங்காணி சரியில்லை, பஸ் கம்பெனி சரியில்லை என்று என்னென்னவோ பேசினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள், "அண்ணே, அன்னைக்குக் கங்காணி ஏறினப்ப நீங்களும் எந்திரிச்சீங்களாமே, அப்பா பெருமையா சொன்னாரு. நெசமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் நான் நிம்மதியாகத் திரும்பி வந்திருப்பேன். காலிக் கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்: "அப்பாவுக்கு வேற தெரியாதுண்ணே. நீங்க படிச்சவங்களாச்சே, உங்களுக்கு என்னா வந்துச்சு?"

பத்து வருஷம் ஜன்னலோர இடத்துக்காக ஊரோடு மல்லுக்கட்டிய நான், யாரும் கேட்காமலே எழுந்து இடம் கொடுத்தது ஒரே ஒரு நாள்தான், அதுவும் அவசரமே இல்லாத ஆளுக்கு.